பரண் ஏறாத தொலைநோக்கி

முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள், போட வேண்டிய கணக்குகள், நம் ஊர் வானம் நமக்கென்று வைத்திருக்கும் சலுகைகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தொலைநோக்கி பதினோரு ஆண்டுகள் கிடந்தது. பொங்கலுக்குப் பித்தளைப் பானை எடுக்க ஏறும்போதெல்லாம் அதன் பெட்டி கையில் இடறும். அட்டையின் மேல் சனிக்கோளின் வண்ணப் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’. என் முதல் சம்பளத்தில் வாங்கியது.

வாங்கிய அன்று வளர்பிறை. மொட்டை மாடியில் வைத்து நிலவைப் பார்த்தேன். குழிகளும் மலைகளும் நிழலும் வெளிச்சமுமாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே 525 மடங்கில் பார்க்க ஆசை வந்தது. காகிதத்தில் சொன்னபடி லென்ஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினேன். தெரிந்தது சாம்பல் நிறக் கலங்கல். கூர்மை சரிசெய்யும் திருகைத் தொட்டால் முக்காலி நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்குள் நிலவு பார்வையை விட்டு நகர்ந்துவிட்டது. சனியை நாள்கணக்கில் தேடினேன், அகப்படவில்லை. மூன்றாவது மாதம் அது பரண் ஏறியது.

பிற்பாடு வானம் பார்க்கும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, பல வீடுகளில் இதே கதை என்று. “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார், பையனுக்கு வாங்கினது. பரண்ல கிடக்குது” என்று ஒருவராவது சொல்லாத கூட்டம் இல்லை. அந்தப் பையனுக்கு வானத்தின் மேல் ஆர்வம் இல்லாமல் போனதாக வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். ஆர்வம் இருந்தது, கருவி அதைத் தோற்கடித்துவிட்டது. அதனால்தான், எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றே: எது பரண் ஏறாதோ அதை வாங்குங்கள்.

அது எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

525 எங்கிருந்து வந்தது?

தொலைநோக்கியின் முகப்பில் ஒரு பெரிய லென்ஸ் இருக்கும். அல்லது குழாயின் அடியில் ஒரு குழியாடி இருக்கும். வானத்திலிருந்து வரும் ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பது அதன் வேலை. ஒளி குவிவதற்கு ஆகும் தூரம் குவியத்தூரம். அப்படிக் குவிந்த பிம்பத்தைப் பெரிதாக்கி நம் கண்ணுக்குக் காட்டுவது ஐபீஸ் என்னும் சிறு லென்ஸ். முன்னதன் குவியத்தூரத்தைப் பின்னதன் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும்.

என் தொலைநோக்கியின் குவியத்தூரம் 700 மி.மீ. அதோடு வந்த 20 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 35 மடங்கு. 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 175 மடங்கு. பார்லோ என்று இன்னொரு லென்ஸ் உண்டு. என் பெட்டியில் வந்தது, இருப்பதை மூன்று மடங்காக்கும். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை.

ஆனால் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஃபிளெக்ஸ் பேனராக அடித்தால் முகம் பெரிதாகும், கூடவே கலங்கியும் போகும். படத்தில் இல்லாத விவரம் பேனரில் எப்படி வரும்? தொலைநோக்கியிலும் அதே நியாயம். முகப்பு லென்ஸின் விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். பயன்படக்கூடிய பெருக்கத்துக்கு அதுதான் மேல் எல்லை. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கு. அதற்கு மேல் போனால் கலங்கலைத்தான் பெரிதாக்குகிறோம்.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும் நம் தலைக்கு மேலுள்ள காற்று இன்னொரு எல்லை போடுகிறது. காற்று அலைபாயும் சாதாரண இரவுகளில் 200, 250 மடங்குக்கு மேல் போவதில் பலன் இல்லை. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கும் குழாயில். அந்த 20 மடங்கு மனிதனின் உலகப் பார்வையையே மாற்றப் போதுமானதாக இருந்தது.

வாங்க வேண்டியது வெளிச்சம்

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? விட்டத்தை. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பும் ஓர் அண்டாவும் வைத்தால் எதில் நீர் அதிகம் சேரும்? விண்மீன் ஒளியும் மழை மாதிரி சமமாகத்தான் பொழிகிறது. வாய் அகன்ற பாத்திரம் அதிகம் பிடிக்கிறது.

நன்றாக இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைப் போலப் பத்து மடங்கு அகலம். அப்படியானால் பரப்பில் நூறு மடங்கு. கண்ணைப் போல நூறு மடங்கு ஒளியை அது சேர்க்கிறது. 130 மி.மீ. ஆடி ஏறத்தாழ 345 மடங்கு. 150 மி.மீ. ஆடி 460 மடங்கு. 200 மி.மீ. ஆடி 800 மடங்குக்கும் மேல். விட்டம் கூடக் கூட மங்கலான பொருள்கள் தெரியும். அதோடு நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் இரண்டாகப் பிரிந்தும் தெரியும்.

இதைப் படித்ததும் இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பரண் காத்திருக்கிறது. எட்டு அங்குல (200 மி.மீ.) ஆடி பொருத்திய தொலைநோக்கி, அதைத் தாங்கும் பெட்டியோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல் கனக்கும். குழாய் ஓர் ஆள் மார்பளவு உயரம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் அதை எத்தனை இரவு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்? வாரம் மூன்று முறை வெளியே வரும் ஐந்து அங்குலம், வருடம் மூன்று முறை வெளியே வரும் எட்டு அங்குலத்தைவிட அதிக வானம் காட்டும்.

மூன்று குடும்பங்கள்

லென்ஸால் ஒளியைக் குவிப்பது ஒரு குடும்பம். பராமரிப்பு குறைவு, எடுத்த எடுப்பில் பார்க்கலாம், நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் பளிச்சென்று தெரியும். விலை குறைந்த லென்ஸ்களில் பிரகாசமான பொருள்களைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும். எல்லா நிறங்களையும் ஒரே லென்ஸ் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை என்பதே காரணம். விட்டம் கூடினால் விலையும் எகிறிவிடும்.

அந்த நிறக் கோளாற்றிலிருந்து தப்பத்தான் ஐசக் நியூட்டன் 1668-இல் லென்ஸை விட்டு ஆடிக்குப் போனார். ஆடி எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே திருப்புகிறது. குழியாடி குவித்த ஒளியைக் குழாயின் மேற்பக்கத்தில் சாய்ந்து நிற்கும் சிறு ஆடி பக்கவாட்டில் திருப்பிவிடும். நாம் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். இது இரண்டாவது குடும்பம். கொடுக்கும் பணத்துக்கு அதிக விட்டம் கிடைப்பது இதில்தான். இரண்டு ஆடிகளும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்துத் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். முதல் முறை பயமாக இருக்கும். மூன்றாவது முறை ஐந்து நிமிட வேலை.

லென்ஸும் ஆடியும் சேர்ந்த மூன்றாவது குடும்பம் உண்டு. நீண்ட ஒளிப்பாதையைக் குட்டையான குழாய்க்குள் மடித்து வைத்திருப்பார்கள். பையில் போட்டு எடுத்துப் போகலாம். நிலவையும் கோள்களையும் அருமையாகக் காட்டும். விலை அதிகம், ஒரே பார்வையில் தெரியும் வானப்பரப்பு குறைவு. அடுக்ககத்தில், சிறிய பால்கனியில் இருப்பவர்களுக்கு இது நல்ல துணை.

அண்மையில் வந்திருக்கும் ‘ஸ்மார்ட்’ தொலைநோக்கிகள் தனி ரகம். அவற்றில் கண் வைத்துப் பார்க்கும் இடமே இல்லை. தானே தேடி, தானே படமெடுத்து, படங்களை அடுக்கிச் சேர்த்து அலைபேசித் திரையில் வண்ணப் படமாகக் காட்டும். நகர வெளிச்சத்திலும் நெபுலா என்னும் வான்முகில்களைப் பிடித்துவிடும். படமெடுக்கும் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல கருவி. சனியிலிருந்து கிளம்பிய ஒளி நேராக நம் விழியில் வந்து விழும் அந்த அனுபவம் வேண்டுமென்றால், அதற்குக் கண் வைக்கும் தொலைநோக்கிதான்.

கண்ணாடியைப் போலவே காலும் முக்கியம்

என் தொலைநோக்கியைப் பரணில் ஏற்றியது லென்ஸ் இல்லை, முக்காலி. ஐம்பது மடங்கில் பார்க்கும்போது நடுக்கமும் ஐம்பது மடங்காகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்தபடி குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஒன்றிரண்டு விநாடிகளில் படம் நிலைக்க வேண்டும். ஐந்தாறு விநாடி ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தாங்கிகளில் ஒரு வகை மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புவது. குழந்தைக்கும் புரியும். இன்னொரு வகை, பூமியின் அச்சுக்கு இணையாகத் தன் அச்சைச் சாய்த்து வைத்துக்கொள்வது. விண்மீனின் நகர்வை ஒரே திருகால் பின்தொடரலாம். பார்க்க ‘அறிவியல் கருவி’ போலவே இருப்பதால் பலர் இதில் மயங்குகிறார்கள். நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைச் சரியாக வைக்க துருவ விண்மீன் தெரிய வேண்டும். எந்த ஊரிலும் துருவ விண்மீன் அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு பாகை உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அடிவானப் புழுதியும் அதை மறைத்துவிடும். போதாததற்கு, வடக்கு நாடுகளை மனதில் வைத்துச் செய்த சில தாங்கிகள் இவ்வளவு தாழ்வாகச் சாயவே சாயாது. முதல் தொலைநோக்கிக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

எளிய தாங்கிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய மனிதர் ஜான் டாப்ஸன். 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வேதியியல் படித்துவிட்டு 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். பிரபஞ்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு அவரைத் தொலைநோக்கி செய்ய வைத்தது. கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலின் பழைய வட்டக் கண்ணாடிகளைத் தானே தேய்த்து ஆடியாக்கினார். கனத்த அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகைப் பெட்டியும் சேர்த்து, பீரங்கி தன் வண்டியில் திரும்புவதுபோலத் திரும்பும் தாங்கி ஒன்றை அமைத்தார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி, தெருவில் போகிறவர்களை அழைத்து நிலவையும் சனியையும் காட்டினார். 2014-இல் 98 வயதில் மறையும்வரை அதுவே அவர் வாழ்க்கை.

இன்று ‘டாப்ஸோனியன்’ என்று விற்கப்படும் தொலைநோக்கிகள் அவருடைய அந்தப் பெட்டியின் வழிவந்தவை. நியூட்டன் பாணி ஆடிக் குழாய், கீழே உறுதியான மரப்பெட்டி, விரலால் தள்ளினால் திரும்பும். பணம் முழுக்க ஆடிக்குப் போகிறது. முக்காலிக்கும் பல்சக்கரங்களுக்கும் வீணாவதில்லை. முதல் தொலைநோக்கிக்கு உலகம் முழுக்க அனுபவஸ்தர்கள் இதைக் கைகாட்டுவதற்குக் காரணம் அதுதான்.

கடைக்கு முன் மாடி

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் மொட்டை மாடிக்குப் போங்கள். வெறும் கண்ணே போதும். அலைபேசியில் ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். திரையைச் சிவப்பு நிறத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண்.

நமக்கு இந்தப் பாடம் புதிதில்லை. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, சித்திரை, கேட்டை என்று பஞ்சாங்கத்தில் தினமும் படிக்கும் பெயர்களெல்லாம் வானத்தில் விண்மீன்களாக நிற்கின்றன. வீட்டில் எல்லோருக்கும் தங்கள் நட்சத்திரம் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால்தான் தெரியாது. உங்கள் பிறந்த நட்சத்திரத்தை வானத்தில் தேடுவதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த படி பைனாகுலர். 10×50 என்று எழுதியிருந்தால் பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. விட்டம். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே வரிசையில் சிறு புள்ளிகள் தெரியும். கலிலியோவின் நிலவுகள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பைனாகுலரில் பல பத்துகளாகப் பெருகும். என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருக்கும்போது ஆட்டம் காணும் தொலைநோக்கியைவிட நல்ல பைனாகுலர் எவ்வளவோ மேல். பிறகு பெரிய தொலைநோக்கி வந்தாலும் அது சும்மா கிடக்காது.

கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பகலில் மணமக்கள் புரோகிதர் காட்டிய திசையில் தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். அதன் வால் நுனியிலிருந்து இரண்டாவது விண்மீன் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கூர்மையான கண்ணுக்குத் தெரியும், பைனாகுலரில் எல்லோருக்கும் தெரியும். இனி ஒரு சிறு தொலைநோக்கியைத் திருப்புங்கள். வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி 1617-இல் இதைக் கவனித்தார். தொலைநோக்கியின் வேலை என்னவென்று ஒரே காட்சியில் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வாங்கும் முன் பிறருடைய தொலைநோக்கியிலும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் கல்லூரி வானியல் மன்றத்தினரும் வானம் காட்டும் நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். சென்னை கோட்டூர்புரத்திலும் திருச்சியிலும் கோளரங்கங்கள் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கி, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வரை வளர்ந்த இடம். பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு குழந்தைகளோடு ஒரு முறை போய்வாருங்கள்.

என்ன தெரியும், என்ன தெரியாது

ஏமாற்றம் பெரும்பாலும் எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. விண்வெளித் தொலைநோக்கிகளின் வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அவை மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. நம் கண் அப்படிச் சேர்த்துவைக்காது. மங்கிய ஒளியில் நிறமும் பார்க்காது. ஆகவே மிருகசீரிட மண்டலத்திலுள்ள ஓரியன் நெபுலா உங்களுக்குச் சாம்பல் பச்சையில் விரிந்த சிறகுபோலத் தெரியும். ஆண்ட்ரோமெடா மண்டலம் ஒரு நீள்வட்ட வெண்புகை. ஆனால் அந்தப் புகையிலிருந்து ஒளி கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தப் புகை போதும். நேரே உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் இன்னும் தெளியும். விழித்திரையின் ஓரம்தான் மங்கிய ஒளியை நன்றாக உணர்கிறது.

நிலவு ஒருநாளும் ஏமாற்றாது. பௌர்ணமியன்று பார்க்காதீர்கள்; நேர் வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிவரை, இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் குழியின் சுவர்கள் படிப்படியாக இறங்குவது தெரியும். “அங்க வச்ச கொடி தெரியுமா?” என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தெரியாது. எட்டு அங்குலத் தொலைநோக்கி நிலவில் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சந்திரயானும் தெரியாது.

வியாழனின் பட்டைகள் இரண்டும், ஒரே இரவில் இடம் மாறும் நிலவுகளும், வெள்ளியின் பிறையும் சிறு தொலைநோக்கிக்கே அகப்படும். சனியின் வளையத்துக்கு 30 மடங்கு போதும். சில ஆண்டுகள் வளையம் நன்றாகச் சாய்ந்து தெரியும். 2025-இல் நடந்ததுபோலச் சில சமயம் விளிம்பு மட்டும் நம்மை நோக்கித் திரும்பிக் கோடாக மெலிந்துவிடும். அது கருவியின் குற்றமில்லை. மெலிந்த வளையம் மறுபடியும் விரியும்.

நம் வானத்தின் சலுகை

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. கோள்களும் தலைக்கு மேலே உயரத்தில் கடக்கின்றன. உயரத்தில் இருக்கும்போது குறைந்த காற்றின் ஊடாகப் பார்க்கிறோம், படம் தெளிவாகிறது. லண்டனில் உதிக்கவே உதிக்காத ஒமேகா செண்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து, மே மாத முன்னிரவில் நமக்குத் தெற்கே கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் உயரத்தில் நிற்கிறது. பைனாகுலரில் பஞ்சு உருண்டை. ஆறு அங்குல ஆடியில், நல்ல இருட்டில், பஞ்சு உதிர்ந்து ஆயிரமாயிரம் மணல் துளிகளாகும்.

அதற்கும் தெற்கே, அடிவானத்துக்கு அருகில் ஆல்ஃபா செண்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக நெருங்கிய விண்மீன் குடும்பம். அது ஒரு விண்மீன் இல்லை, இரட்டை என்று முதலில் கண்டவர் இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ. ஆண்டு 1689. ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டார். இடம் எது தெரியுமா? புதுச்சேரி. இன்று கையடக்கமான ஒரு தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அதே கடற்கரையில் நீங்களும் அதே காட்சியைப் பார்க்கலாம். அடுத்த நூற்றாண்டில், 1792-இல், சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். மொட்டை மாடியில் தொலைநோக்கி வைக்கும் ஒவ்வொருவரும் இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர்.

நம் வானத்துக்கே உரிய இடைஞ்சல்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வானம் கிடைப்பது அரிது. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டை மாடி, இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த வெப்பக் காற்றில் கோள்கள் கொதிக்கும் பாலைப் போலத் தளும்பும். இரவு பத்து மணிக்குப் பிறகு பார்த்தால் படம் அமைதியாகும். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். உறையைத் திறக்காமல் சிறிது நேரம் வெளியே விட்டுவையுங்கள்.

உங்களுக்கு எது?

நகரத்தில் அடுக்ககம், படிக்கட்டு, சிறிய மாடி என்றால் மேசை மேல் வைக்கும் 130 மி.மீ. டாப்ஸோனியன் நல்ல தேர்வு. ஒரு கையால் தூக்கலாம். வைக்க உறுதியான ஸ்டூலோ சிமெண்ட் திண்ணையோ போதும். சொந்த மொட்டை மாடி அல்லது வாசல், தூக்க ஓர் ஆள் இருந்தால் ஆறு அங்குல டாப்ஸோனியன். பல ஆண்டுகளுக்கு அலுக்காது. ஊர்ப்புறத்தில் இருட்டான வானமும், வைத்த இடத்திலேயே வைக்க ஓர் அறையும் இருந்தால் எட்டு அங்குலம் வாங்கலாம். பள்ளிப் பிள்ளைக்கு, குறைந்த செலவில் என்றால் 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, ஆனால் முக்காலியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

• விளம்பரத்தில் ‘இத்தனை மடங்கு’ என்பது முதல் வரியாக இருந்தால் விலகி நில்லுங்கள். நல்ல தயாரிப்பாளர் விட்டத்தையும் குவியத்தூரத்தையும் முதலில் சொல்வார்.

• முழங்கை நீளக் குழாயில் 1000 மி.மீ. குவியத்தூரம் என்று எழுதியிருந்தால், பக்கவாட்டில் பார்க்கும் ஆடித் தொலைநோக்கியாக இருக்கும்பட்சத்தில், உள்ளே ஒரு மலிவு லென்ஸை ஒளித்து நீட்டியிருக்கிறார்கள். வேண்டாம்.

• ஐபீஸின் வாய் 1.25 அங்குலமா என்று பாருங்கள். பிறகு நல்ல ஐபீஸ்கள் வாங்கிச் சேர்க்க அதுதான் வசதி.

• ஐபீஸ் இரண்டு போதும். 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று. 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் இவை 48 மடங்கும் 120 மடங்கும் தரும்.

• குறிபார்க்கும் சிறு கருவி உறுதியாக இருக்க வேண்டும். சிவப்புப் புள்ளி காட்டும் வகை தொடங்குகிறவர்களுக்கு எளிது.

• நம் ஊர் ஈரத்தில் லென்ஸிலும் ஆடியிலும் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாமல் வையுங்கள். ஆடியைத் துணியால் துடைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தொலைநோக்கியை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு கணத்தில் பார்வை போய்விடும். போன பார்வை திரும்பாது. சில மலிவுத் தொலைநோக்கிகளோடு ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சூரிய வடிகட்டி’ என்று வரும். குவிந்த சூட்டில் அது வெடித்துவிடக்கூடும். அதை அன்றே உடைத்து எறியுங்கள். சூரியனைப் பார்க்க, குழாயின் முகப்பையே முழுக்க மூடும் தரமான வடிகட்டி வேண்டும். பகலில் தொலைநோக்கியைப் பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள்.

பரணிலிருந்து இறங்கியது

பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியைக் கீழே இறக்கியது என் அண்ணன் மகள். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் பானைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “சித்தப்பா, இது வேலை செய்யுமா?” என்றாள். அதற்குள் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. பார்லோவையும் 4 மி.மீ. ஐபீஸையும் பெட்டியிலேயே விட்டேன். முக்காலியின் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்து, நடுவில் ஒரு பையில் இரண்டு செங்கல்லைப் போட்டுத் தொங்கவிட்டேன். நிலவைப் பார்த்தோம். பிறகு அவளும் நானும் வெறும் கண்ணால் வானத்தைப் படிக்கத் தொடங்கினோம். கோடை விடுமுறைக்கு அவள் மறுபடியும் வந்தபோது, கிழக்கே மங்கிய மஞ்சளாக, மின்னாமல் நின்ற புள்ளியை அவளே காட்டினாள். “அது கண் சிமிட்டல. கோளாத்தான் இருக்கணும்.”

20 மி.மீ. ஐபீஸ். 35 மடங்கு. பெட்டியோடு வந்ததிலேயே ஆகக் குறைந்த எண். திருகை மெல்லத் திருப்பினேன். மிளகளவு மஞ்சள் முத்து. அதைச் சுற்றி, தனியாக, தெளிவாக, ஒரு வளையம். அவள் பார்த்தாள். பேச்சில்லை. பிறகு கீழ் வீட்டுப் பாட்டியைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தாள். பாட்டி ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்துவிட்டு, குழாயின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். “உள்ளாற படம் எதுவும் ஒட்டி வச்சிருக்கியா?” என்றார்.

இல்லை பாட்டி, அவரேதான் என்றாள் என் அண்ணன் மகள்.

அதே குழாய், அதே லென்ஸ். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பும் அதற்குள் சனி இருந்தது. 525-ஐத் தேடியதில் 35-ஐத் தவறவிட்டிருந்தேன். அப்படியொரு தொலைநோக்கியை இன்று யாரையும் வாங்கச் சொல்லமாட்டேன். அதைவிட நல்லவை இப்போது கிடைக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால், புதிதாக எதையும் வாங்கும் முன் அதை இறக்குங்கள். இருப்பதிலேயே எண் பெரிய ஐபீஸை மாட்டுங்கள். காலில் செங்கல் கட்டுங்கள். வளர்பிறையில் ஒரு நாள் பார்த்து மாடிக்கு எடுத்துப் போங்கள்.